வீட்டுக்கடனில் ஒருவர் இறந்தால் வங்கிக்குச் சொல்வது: என் அனுபவம்

அப்பாவும் நானும் கூட்டாக வாங்கிய கடன். இஎம்ஐ அவர் கணக்கிலிருந்து போனது. இறப்புச் செய்தி கிடைத்ததும் வங்கி அந்தக் கணக்கை முடக்கியது. அடுத்த தவணை பவுன்ஸ். சேமிப்புக் கணக்குக் கிளையில் சொன்னது வீட்டுக்கடன் பிரிவுக்குப் போகவே இல்லை.

சரிசெய்த விதம்: கடன் எண், இறப்புச் சான்றிதழ் நகலுடன் கடன் பிரிவுக்குத் தனிக் கடிதம், என் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை. அன்றே என் கணக்கிலிருந்து புதிய நாச் மேண்டேட் (தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கத் தரும் அனுமதி). அது பதிவாகும்வரை தவணையைக் கடன் கணக்கில் நேரடியாகக் கட்டினேன். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். இணைக்கடனாளியின் சிபில் மதிப்பெண்ணும் (கடன் திருப்பிய வரலாற்றுக்கான மதிப்பெண்) கெடும்.

பலர் கோட்டைவிடுவது கடனோடு சேர்த்து எடுத்த உயிர்க் காப்பீட்டை. கடன் பட்டுவாடா ஆன மாத ஸ்டேட்மென்டில் பிரீமியம் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். பிடித்திருந்தால், பாலிசி யார் உயிர்மேல் என்பதே கேள்வி. என் பெயரில் மட்டும் இருந்தால் அப்பா இறப்புக்கு ஒரு பைசா வராது. கிளெய்ம் முடியும்வரை தவணையை நிறுத்தாதீர்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள், தாசில்தார் தருவார். பத்திரம் திரும்ப வாங்கும்போது கேட்பார்கள். முழுக்கடனும் அடைந்து 30 நாளில் பத்திரம் தராமல் வங்கியே தாமதித்தால், ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவுப்படி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.