எந்த டின் எண்ணெய் அது?

நான் சோப்பு செய்து விற்கிறேன். ஒருமுறை வாடிக்கையாளர் அனுப்பிய படத்தில் சோப்பு முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள். எண்ணெய் காறிப்போனால் இப்படித்தான் வரும். சரி, எந்த டின் எண்ணெய்? அதில் செய்த மற்ற சோப்பெல்லாம் யாரிடம் போனது? ஸ்டாக் நோட்டில் "சோப்பு 64" என்று மட்டும் இருந்தது. எண்ணிக்கை சரிதான், அதை வைத்து என்ன செய்ய?

அப்புறம் ஒவ்வொரு ஊற்றுக்கும், அதாவது ஒரே தடவையில் கலக்கி அச்சில் ஊற்றும் சோப்புக்கு, ஒரு பேட்ச் எண் கொடுத்தேன். 250614-2 என்றால் 2025 ஜூன் 14, அன்றைய இரண்டாவது ஊற்று. நோட்டில் அதற்கு எதிரே எண்ணெய், காஸ்டிக் சோடா டின்களில் அச்சிட்டிருக்கும் லாட் எண்கள், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்கள். அதே பேட்ச் எண் உறையிலும் பில்லிலும். பில்லில் எழுத முதலில் விட்டுவிட்டேன். அது இல்லாமல் மீதி எழுதியதெல்லாம் வீண்.

தலைவலி கொடுத்தது மிச்ச எண்ணெய்தான். பழைய டின்னில் அரை லிட்டர் கிடந்தால் புது டின்னில் கவிழ்த்துவிடுவேன். இப்போது கவிழ்ப்பதில்லை. ஒரே ஊற்றில் இரண்டும் போனால் இரண்டு லாட் எண்களையும் எழுதுகிறேன்.

போன மாதம் சும்மா ஒரு லாட் எண்ணை எடுத்துத் தேடிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பதினொரு பில்லும் கையில் இருந்தன.