சோலாரிஸ் படத்தின் நீலம் கெடாமல் திரையிட

சோவியத் இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972) படத்தைப் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ நாலு பேரைக் கூட்டித் திரையிடுவதாக இருந்தால், முதலில் பிரதியைச் சோதியுங்கள். வண்ணக் காட்சிகளுக்கு நடுவே ஒற்றை நிறப் பகுதிகள் வரும். அவை நீலச் சாயம் ஏற்றியவை. பழைய படங்களை மீட்டு வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2002இல் வெளியிட்ட டிவிடியில் அவை வெறும் கறுப்பு வெள்ளை. 2011 ப்ளூரேயில்தான் நீலம் திரும்ப வந்தது.

அடுத்தது சுவர். பெரும்பாலும் கெடுப்பது இதுதான். நம்மூரில் சுண்ணாம்பு அடிக்கும்போது எடுப்பாக இருக்கட்டும் என்று நீலம் கலப்பார்கள். அந்தச் சுவரில் படம் போட்டால் எல்லாக் காட்சியிலும் நீலம் ஏறும். முகங்கள் சாம்பல் பூத்துத் தெரியும், படத்தின் சொந்த நீலத்துக்கு வேலையே இல்லாமல் போகும். நீலத்தில் முக்கி எடுத்த வேட்டியும் அப்படித்தான். சோப்பில் மட்டும் அலசிய தடித்த வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் கறுப்புத் துணி விடுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சம் ஊடுருவிப் படம் வெளிறும்.

படத்தின் விகிதம் 2.35:1. எட்டடி அகலத்துக்குப் படத்தின் உயரம் 3 அடி 5 அங்குலம்தான் வரும். த்ரோ விகிதம் (படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி வைப்பது என்ற கணக்கு) 1.5 உள்ள புரொஜெக்டர் என்றால் திரையிலிருந்து 12 அடி தள்ளி வையுங்கள். வீட்டுப் பட்டாசல், அதாவது கூடம், போதும். ஆனி, ஆடியில் மொட்டை மாடி வேண்டாம். செங்கோட்டைக் கணவாய்க் காற்று திரையைப் பாயாகச் சுருட்டிவிடும். மாடிதான் என்றால், ஒன்றரை அங்குலப் பிவிசி குழாயில் மணல் நிரப்பித் துணியின் அடியில் செருகிக் கட்டுங்கள்.

புரொஜெக்டரில் ‘டைனமிக்’ நிலையை விட்டு ‘சினிமா’வுக்கு மாற்றி, வண்ண வெப்பநிலையை 6500 கெல்வினில் வையுங்கள். சுவர் நிறத் திருத்தம் என்று ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மடிக்கணினியில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ ஓடிக்கொண்டிருந்தால் நீலம் முழுக்கச் செத்துப்போகும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். தொடக்கத்தில் நீருக்கடியில் பாசி ஆடும் காட்சி வருமே, அங்கே நிறுத்திச் சரிபாருங்கள். பாசி பச்சையாகவும், அதன்பின் வரும் கதாநாயகன் முகம் மனித நிறத்திலும் தெரிந்தால் சரி. நீலக் காட்சியை வைத்து ஒருபோதும் சரிசெய்யாதீர்கள்; படம் போட்ட நீலத்தையே பிழை என்று நினைத்துத் துடைத்துவிடுவீர்கள்.

தமிழ் வசன வரிகளை யூனிகோடில், யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியது குப்பையாகத்தான் வரும். எழுத்துக்கு வெள்ளையும் மஞ்சளும் வேண்டாம்; வெளிர் சாம்பல் போதும். பளிச்சென்ற எழுத்துக்குப் பக்கத்தில் நீலம் மங்கிவிடும்.

பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் 1976இல் அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து எடுத்த ‘நீலப் பறவை’யை வேறொரு நாளில் போடுங்கள். எலிசபெத் டெய்லர் நடித்தது. பெயரில் நீலம் இருந்தாலும் இவ்வளவு நுணுக்கம் கேட்காது.

சோலாரிஸ் 167 நிமிடம், இரண்டு பாகம். முதல் பாகம் முடியும் இடத்திலேயே இடைவேளை விடுங்கள். அப்போது டியூப்லைட்டைப் போடாமல், பின்வரிசையில் ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும் எரியட்டும். மின்தடை வந்தால் விளக்கு வகை புரொஜெக்டரை உடனே மறுபடி போடாதீர்கள்; பத்து நிமிடமாவது ஆற விடுங்கள், சூட்டோடு போட்டால் விளக்கின் ஆயுள் குறையும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.