பீடர்மையர் மரச்சாமான்கள்: வாங்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீடர்மையர் மேசை மங்கித் தெரிகிறது என்று உப்புத்தாளை எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பீடர்மையர் என்பது ஒரு மரச்சாமான் பாணி. 1815-ல் வியன்னா மாநாடு முடிந்த காலம் தொட்டு 1848-ன் ஐரோப்பியப் புரட்சிகள் வரை வியன்னா, பெர்லின், மியூனிக் போன்ற நகரங்களின் நடுத்தரக் குடும்பங்களுக்காகச் செய்யப்பட்டவை இந்தப் பாணிச் சாமான்கள். செதுக்கு வேலையும் பொன்பூச்சும் குறைவு. அழகு முழுக்க மரத்தின் ரேகையில் இருக்கிறது. அந்த ரேகையோ, பைன் போன்ற மலிவான மரச்சட்டத்தின் மேல் ஒட்டிய வெனீர் என்னும் மெல்லிய மரத்தகட்டில் இருக்கிறது. ரம்பத்தால் அறுத்த அந்த வெனீர் புதிதாக இருந்தபோதே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். பலமுறை தேய்த்து மெருகேற்றிய பலகைகளின் ஓரத்தில் 1 மில்லிமீட்டர்கூட மிஞ்சியிருக்காது. மின் தேய்ப்பானை ஓரத்தில் ஒரு கணம் கூடுதலாக அழுத்தினால் அடிமரம் தெரிந்துவிடும். அதற்கு மாற்றே கிடையாது. வெனீர் தப்பினாலும் நிறம் போய்விடும்: வெளிச்சம் பட்டுப் பட்டு செர்ரி மரத்தில் ஏறிய தேன்சிவப்பு மேற்பரப்பில்தான் இருக்கிறது.

தேய்க்காமல் என்ன செய்வது? முதலில் மேல்பூச்சு எது என்று பாருங்கள். கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் அவலரக்கு (ஷெல்லாக்). நம் ஆசாரிகள் அடிக்கும் ஸ்பிரிட் பாலிஷும் இதே சரக்குதான். ஐரோப்பாவுக்கு அது போனதே இந்தியாவிலிருந்துதான். பழைய அரக்கின் மேலேயே துணிப்பொட்டலத்தால் மெல்லிய புதுப்பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் போதும். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை வார்னிஷை அடிக்காதீர்கள்: ஸ்பிரிட்டில் கரையாது, பின்னால் எடுக்க வேண்டுமானால் கடும் ரசாயனமோ சுரண்டலோதான் வழி. சிலிக்கோன் கலந்த ஸ்பிரே பாலிஷும் வேண்டாம். அது கீறல் வழியே இறங்கிவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

வெனீர் எழும்பிய இடத்தில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைச் செலுத்துவது அடுத்த தவறு. உள்ளே இருப்பது விலங்குத் தோலில் காய்ச்சிய வஜ்ஜிரம். காய்ந்த வஜ்ஜிரத்தின் மேல் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது; பிடித்தாலும் மறுமுறை பிரிக்கும்போது வெனீரே கிழியும். மெல்லிய கத்தியால் உள்ளிருக்கும் தூசியை எடுத்துவிட்டு, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் புது வஜ்ஜிரத்தைச் செலுத்துங்கள். கொதிக்க விட்டால் பசையின் வலு போய்விடும். மேலே மெழுகுத்தாள், அதன்மேல் தட்டைக்கட்டை வைத்து ஒரு நாள் இறுக்கிவையுங்கள். இந்தப் பசை பின்னால் ஈரமும் சூடும் பட்டால் இளகும். மறுமுறை வெனீரைக் கிழிக்காமல் பிரிக்கலாம். அதுதான் அதன் பெருமை.

வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். வெளிர் நிறம் என்றால்தான் பீடர்மையர் என்பது தவறு. வியன்னாவில் வால்நட்டும், வட ஜெர்மனியில் மகோகனியும் நிறையப் புழங்கின. கருநிற மரத்தை வெளுத்து விற்பவர்களும் உண்டு.

1900-ஐ ஒட்டி இந்தப் பாணி மறுபடி செல்வாக்குப் பெற்றபோது செய்யப்பட்டவையும் அசலின் விலையில் சந்தைக்கு வருகின்றன. டிராயரை வெளியே இழுத்து முகப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெனீர் சீராக அரை மில்லிமீட்டர் என்றால் இயந்திரத்தில் சீவியது, அதாவது பிற்காலத்தது. கூர்முனை கொண்ட இயந்திரத் திருகாணி இருந்தால் 1840-களின் இறுதிக்குப் பிந்தையது, அல்லது பிறகு மாற்றப்பட்டது. எழுதுமேசை அலமாரி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல வேலைப்பாட்டில் ஒரே மரத்தின் அடுத்தடுத்த வெனீர்த் தகடுகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் இணைத்திருப்பார்கள். தீச்சுடர் போன்ற ரேகை அடி டிராயரில் தொடங்கி முகப்பு முழுவதும் ஏறும். ஒரு டிராயரில் மட்டும் கோடு விலகினால் அது வேறு எங்கிருந்தோ வந்தது.

வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் அடிமரம் சுருங்கும். மேலே ஒட்டிய வெனீர் வெடிக்கும் அல்லது கொப்பளிக்கும். நேர்வெயிலில் வால்நட் வெளுத்துவிடும், செர்ரி கருக்கும். மேலே வைத்த பூச்சாடியின் தடம் அப்படியே பதியும்.