சிப்ஸ் பாக்கெட்டுக்கு நைட்ரஜன்: கரண்ட் பில்லைக் குறைப்பது எப்படி?

களக்காட்டு ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் நமத்துப் போகாமல் இருக்க பாக்கெட்டில் அடைக்கும் நைட்ரஜன், காற்றிலிருந்து பிரித்தெடுப்பதுதான். காற்றில் 78 சதவீதம் அதுவே. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கப் பயன்படும் திரவ ஆக்சிஜனும் காற்றிலிருந்து வருவதுதான். அதற்குக் காற்றை மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே குளிர்விக்க வேண்டும். நம் சின்ன யூனிட்டுக்கு, அழுத்தத்தை ஏற்றி இறக்கி வாயுவைப் பிரிக்கும் பி.எஸ்.ஏ. மெஷின் போதும். கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தள்ளும், டவரில் உள்ள கார்பன் சல்லடை ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், நைட்ரஜன் வெளியே வரும். ராதாபுரம் பக்கம் காற்றாடி வைத்தவர்கள் காற்றால் சம்பாதிக்கிறார்கள். நாம் அதே காற்றை அழுத்தக் காசு கொடுக்கிறோம்!

முதலில் அளந்து பாருங்கள். கம்ப்ரஸருக்குத் தனி மீட்டர் போட்டு, ஒரு வாரம் ஓடிய மின்சார யூனிட்டை அந்த வாரம் கிடைத்த நைட்ரஜனின் கன மீட்டரால் வகுத்துக் குறித்து வையுங்கள். இனி எதை மாற்றினாலும் இந்த எண் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது தூய்மை. பெரும்பாலான வீண்செலவு இங்கேதான். மெஷின் விற்பவர் 99.999 என்று பெருமையாகச் சொல்வார். சிப்ஸுக்கு அது எதற்கு? பாக்கெட்டுக்குள் ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் போதும், 99.5 தூய்மையே அதற்குத் தாராளம். 99 சதவீதத்துக்கு ஒரு கன மீட்டர் நைட்ரஜன் எடுக்க ஏறத்தாழ 3 கன மீட்டர் காற்று போதும். ஐந்து ஒன்பது (99.999) கேட்டால் அது 5-ஐத் தாண்டிவிடும். தூய்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் பாக்கெட்டுக்குள் மீந்த ஆக்சிஜனை அளந்து, போதுமான இடத்தில் நிறுத்துங்கள்.

பிறகு அழுத்தம். ஒரு பார் (அழுத்தத்தின் அளவு) குறைத்தால் கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரம் சுமார் 7 சதவீதம் குறையும். 30 கிலோவாட் மெஷின் 16 மணி நேரம் ஓடினால் நாளுக்கு சுமார் 34 யூனிட் மிச்சம்.

கசிவைச் சோதிக்க, பேக்கிங் நின்றிருக்கும் நேரத்தில் பி.எஸ்.ஏ.வை அடைத்துவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். 2 நிமிடம் லோடிலும் (காற்றை அழுத்தியபடி) 8 நிமிடம் அன்லோடிலும் (அழுத்தாமல் சும்மா) ஓடுகிறதா? அப்படியானால் கம்ப்ரஸரின் முழுத் திறனில் 20 சதவீதம் ஓட்டையில் போகிறது. சோப்புத் தண்ணீர் தடவி ஜாயின்ட்டுகளைத் தேடுங்கள். நைட்ரஜன் பக்கம் தேடும்போது ஷெட்டின் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, மூச்சுத் திணறுவதற்கு முன்பே ஆள் மயங்கிவிழலாம்.

கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் கம்ப்ரஸர் தான் கக்கும் சூட்டையே திரும்ப இழுக்கும். உள்ளே போகும் காற்று 4 டிகிரி குளிர்ந்தால் மின்சாரம் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம். நிழல் விழும் பக்கத்திலிருந்து ஒரு டக்ட் போடுங்கள். ஆடிக்காற்றில் புழுதி அதிகம் என்பதால் அந்த மாதங்களில் ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

சிக்கனம் என்று காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரிலும் எண்ணெய் ஃபில்டரிலும் மட்டும் கை வைக்காதீர்கள். எண்ணெய் ஏறிய கார்பன் சல்லடையைக் கழுவி மீட்க முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.