ஒத்திகைப் பதிவு: ஃபோனை முதலில் ஸ்பீக்கர் மேலிருந்து எடுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தகர ஷெட்டில்தான் எங்கள் இன்னிசைக் குழு ஒத்திகை பார்க்கும். மாசி மாத மயானக் கொள்ளைத் திருவிழா நெருங்கினால் அம்மன் பாட்டுகள்தான் அதிகம். ஒவ்வொன்றையும் பதிவு செய்து, தப்பைக் கேட்டுத் திருத்திக்கொள்வோம். முதல் வருடப் பதிவுகள் எதற்கும் உதவவில்லை. பாடுகிறவர் எங்கே சுருதி விலகினார் என்று பார்க்கத்தான் பதிவே. கேட்டதோ பம்பை மேளம் மட்டும்.

பெரிய தவறு, கிடைத்த இடத்தில் ஃபோனை வைப்பது. ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்தால் அதிர்வும் சேர்ந்து ஏறும். சுவர் மூலையில் வைத்தால் பேஸ் (கனமான அடித்தொனி) குவிந்து குரலை மூடிவிடும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கச் செலவே வேண்டாம். குழு வாசிக்கும்போது ஒரு காதைப் பொத்திக்கொண்டு மெல்ல நடந்து பாருங்கள். இரண்டு காதும் திறந்திருந்தால் மனசு வேண்டியதை மட்டும் பிரித்துக் கேட்டுவிடும். ஒற்றை மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. குரலும் தாளமும் சமமாகக் கேட்கிற இடத்தில், தலைக்குச் சற்று மேலே ஸ்டாண்டு வையுங்கள்.

அப்போதும் பம்பை முந்தினால் பம்பைக்காரரைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஷெட்டுக்குள் எதிரொலியால் அவ்வளவு குறையாது, ஆனாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சத்தத்தைக் குறைத்து வாசியுங்கள் என்று கேட்காதீர்கள். அடியின் உயிரே போய்விடும்.

அடுத்து லெவல், அதாவது பதிவில் ஏறும் சத்தத்தின் அளவு. பாட்டின் அமைதியான தொடக்கத்தை வைத்து கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை) கூட்டிவிடுகிறோம். உச்சத்தில் சவுண்ட் உடைகிறது. உடைந்ததை அப்புறம் சரியாக ஒட்டவே முடியாது. அதனால் இருப்பதிலேயே சத்தமான பகுதியை முதலில் வாசிக்கச் சொல்லி, பதிவு ஆப்பில் உள்ள மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி வையுங்கள். தானாக லெவலை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால், பம்பை விழும் ஒவ்வொரு முறையும் குரல் அமுங்கி எழும்.

தகரக் கூரை பெரிய தலைவலி. பாடுகிறவருக்குப் பின்னால் கயிறு கட்டி, தடிமனான ஜமுக்காளத்தை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். குரலில் எக்கோ குறையும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேஸுக்கும் பம்பைக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. மழை பிடித்தால் பதிவை நிறுத்திவிடுங்கள்.

ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாக எடுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும்.

முழுப் பாட்டுக்குப் போகும் முன் ஒரே ஒரு நிமிடம் பதிவு செய்து, ஷெட்டை விட்டு வெளியே போய் ஹெட்ஃபோனில் கேளுங்கள். உள்ளே நின்று கேட்டால், காதில் இன்னும் ரீங்கரிக்கும் சத்தத்தில் எல்லாமே நன்றாக வந்த மாதிரிதான் இருக்கும்.