அம்மா அப்பாவோடு மேஜிக் கிங்டம்: ஓடாமல் ஒரு நாள்

வால்ட் டிஸ்னி வேர்ல்டைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் அளவு. ஃபுளோரிடாவில் ஓர்லாண்டோவை ஒட்டி ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். 2011-இல் விரிவாக்கப்படும் முன்பிருந்த சென்னை மாநகராட்சியில் பாதிக்கும் மேல். அதற்குள் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தீம் பார்க்குகள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள், இவற்றுக்கிடையே பஸ், படகு, மோனோரயில்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் லீவு, நாலு நாளில் நாலு பார்க்கையும் முடித்துவிடலாம் என்று போடும் திட்டம் பெரும்பாலும் இரண்டாம் நாள் மதியமே குலைந்துவிடும். கூட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கே நாளுக்குப் பத்து கிலோமீட்டர் நடை சர்வசாதாரணம். அதோடு வெயிலும் பசியும் தூக்கமும் சேர்ந்தால் ஆறு வயதுப் பிள்ளையும் அறுபத்தெட்டு வயதுத் தாத்தாவும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆகவே முதல் முறைக்குக் கணக்கு இது: ஒரு நாளைக்கு ஒரு பார்க், அதில் ஆறு விஷயம், நடுவில் நாலு மணி நேரம் வெளியே. ஆறுக்கு மேல் கிடைப்பதெல்லாம் கொசுறு.

முதல் நாளுக்கு மேஜிக் கிங்டம்தான் சரி. 1971 அக்டோபர் 1 அன்று திறந்த, நான்கில் மூத்த பார்க் இது. உயரக் கட்டுப்பாடு இல்லாத, மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்காரக்கூடிய ரைடுகள் இங்கேதான் அதிகம். எப்காட்டில் ஏரியைச் சுற்றும் நடையே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். முழங்கால் வலி உள்ளவர்களை முதல் நாளே அங்கே கூட்டிப்போவது நல்லதல்ல.

எப்போது போவது

ஜனவரி கடைசி வாரங்கள், செப்டம்பரில் லேபர் டே முடிந்த பிறகான வாரங்கள்: கூட்டம் குறைவு. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரம், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, மார்ச் நடுவிலிருந்து ஈஸ்டர் வரை: முடிந்தவரை தவிர்க்கவும். ஜூன், ஜூலை, ஆகஸ்டைத் தவிர வேறு வழியில்லாத குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். போகலாம், ஆனால் அப்போது மதிய இடைவெளியைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை சில இரவுகளில் தனி டிக்கெட் போட்டு ஹாலோவீன், கிறிஸ்துமஸ் விழாக்கள் நடக்கும். அன்று சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை 6 மணிக்கு வெளியே போக வேண்டும். வாணவேடிக்கையும் அவர்களுக்குக் கிடையாது. தெரியாமல் போனால் ஏமாற்றம். தெரிந்து போனால் லாபம், ஏனென்றால் வாணவேடிக்கை வேண்டும் என்பவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பதால் பகலில் வரிசைகள் சிறியவை. ஏழு மணிக்கே படுக்கப்போகும் பெரியவர்கள் இருந்தால் அந்த நாளையே தேர்ந்தெடுக்கலாம். அதிகாரப்பூர்வ நாட்காட்டியில் மூடும் நேரம் மாலை 6 என்று இருந்தால் அது விழா நாள்.

டிக்கெட்

3 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 3 முதல் 9 வரை கொஞ்சம் குறைவு. 10 ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். விலை தேதிக்குத் தேதி மாறும். மேஜிக் கிங்டத்துக்கு ஒரு நாள் டிக்கெட் பல நாட்களில் 130 டாலரைத் தாண்டும், கிறிஸ்துமஸ் வாரத்தில் 200 டாலரை ஒட்டி நிற்கும். நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான செலவு குறையும். ஒரே நாளில் பார்க் விட்டுப் பார்க் தாவ உதவும் ஹாப்பர் டிக்கெட் முதல் பயணத்துக்கு வீண் செலவு.

வாங்கிய டிக்கெட்டுகளை மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் ஏற்றி, குடும்பம் முழுவதையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அம்மா அப்பாவிடம் அமெரிக்க எண் உள்ள போன் இல்லாவிட்டால், உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலும் கைப்பையிலும் வைக்கவும். குழந்தையின் கையில் எழுதுவதை நினைவு வைத்துக்கொள்பவர்கள் பெரியவர்களை மறந்துவிடுகிறார்கள்.

லைட்னிங் லேன் என்பது காசு கொடுத்து வாங்கும் குறுக்கு வரிசை. மல்ட்டி பாஸ் வாங்கினால் மூன்று ரைடுகளுக்கு முன்கூட்டியே நேரம் குறிக்கலாம். ஒன்றை முடித்ததும் அடுத்ததைக் குறிக்கலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குவோர் 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும், கிழக்கு நேரப்படி காலை 7 மணிக்குத் தொடங்கலாம். டல்லாஸில் அது 6 மணி, கலிஃபோர்னியாவில் விடிகாலை 4. செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின், டிரான் போன்ற ஓரிரு ரைடுகளுக்குத் தனிக்கட்டணம். கூட்டம் குறைந்த நாளில், காலையிலேயே போய்ச் சேருகிறவர்களுக்கு இது தேவையில்லை. விடுமுறைக் காலத்தில் பெரியவர்களோடு போனால் வாங்கலாம். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: கிடைத்த நேரத்தையெல்லாம் பிடித்துவிட்டு, பார்க்கின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்து மாய்வது. பக்கத்துப் பக்கத்து ரைடுகளாகக் குறிக்கவும்.

கேட்டுக்கு முன்னால் ஒரு பயணம்

மேஜிக் கிங்டத்தின் வாசலில் கார் நிறுத்த முடியாது. காரோடு வருபவர்கள் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் டிரான்ஸ்போர்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டரில் நிறுத்தி, பை சோதனையைத் தாண்டி, படகிலோ மோனோரயிலிலோ அக்கரை போக வேண்டும். காரை விட்டு இறங்கியதிலிருந்து கேட் வரை 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 9 மணிக்குத் திறக்கும் நாளில் 9 மணிக்குக் கார் நிறுத்தினால், வரிசை குறைவாக இருக்கும் அந்த அருமையான முதல் மணி நேரம் கைவிட்டுப் போயிற்று. 8 மணிக்கே நிறுத்திவிடுங்கள். டிஸ்னி ஹோட்டல்களின் பஸ் நேராக கேட் அருகே இறக்கும். அங்கே தங்குவோரை அரை மணி முன்னதாகவே உள்ளேயும் விடுவார்கள்.

சக்கர நாற்காலியோ ஸ்ட்ரோலரோ (குழந்தைத் தள்ளுவண்டி) இருந்தால் படகு சுலபம். மோனோரயிலுக்கு சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். நிறுத்திய இடத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் போனில் படம் எடுத்துவிட்டு நகருங்கள். ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். இழுவை வண்டிகளுக்கும் செல்ஃபி ஸ்டிக்குக்கும் அனுமதி இல்லை.

முதல் மூன்று மணி நேரம்

பிள்ளை 97 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் திறந்ததும் செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின். அதற்குக் குறைவென்றால் நேராக பீட்டர் பான்ஸ் ஃபிளைட்; உயரக் கட்டுப்பாடு இல்லாததாலும் ஒரு முறைக்குச் சிலரையே ஏற்றுவதாலும் அங்கே வரிசை பகல் முழுக்க நீளம். எதிரிலேயே இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட், பத்து நிமிடப் படகுப் பயணம். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவானது. சுற்றி நின்று பாடும் பொம்மைகளில் புடவை கட்டியவர்களும் உண்டு. பக்கத்தில் மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக், ஏசி அரங்கில் பன்னிரண்டு நிமிட முப்பரிமாணப் படம். இந்த மூன்றும் ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் தள்ளி ஹான்டட் மேன்ஷன். பேய் வீடுதான், ஆனால் கேலிப் பேய்கள். இருட்டுக்குப் பயப்படும் குழந்தையை மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து வைக்கவும். டிரானுக்கு 122 சென்டிமீட்டர், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, டியானாஸ் பயூ அட்வெஞ்சருக்கு 102. நுழைவில் கோல் வைத்து அளப்பார்கள். அரை அங்குலம் குறைந்தாலும் விட மாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. முன்பே சொல்லி வைத்தால் அங்கே அழுகை குறையும். பெற்றோர் இருவருக்கும் ஏற ஆசை, சின்னவன் உயரம் போதாது என்றால், வாசலில் நிற்பவரிடம் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள். ஒருவர் போய்வர, குழந்தையோடு நின்ற மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம்.

தாத்தா பாட்டிக்கு ஏற்றது பார்க்கின் டுமாரோலேண்ட் பகுதியில் தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றும் பீப்பிள் மூவர். ஆனால் நகரும் மேடையிலிருந்து ஏற வேண்டும். நாலடி நடக்க முடியாதவர்களுக்கு ஆகாது. பீட்டர் பானிலும் இதே சங்கடம்.

சக்கர நாற்காலி பற்றி ஒரு வார்த்தை. "எனக்கென்ன, நான் தினமும் வாக்கிங் போறவன்" என்று அப்பா சொல்வார். காலையில் அது உண்மை. மதியம் இரண்டு மணிக்கு அவர் சொல்லாமலே மெதுவாக நடக்கத் தொடங்குவார், நாள் அதோடு போச்சு. சந்தேகம் இருந்தால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். நுழைவாயிலில் சாதாரண நாற்காலி நாளுக்குச் சுமார் 12 டாலர். பேட்டரி வண்டி சுமார் 65 டாலர், 18 வயது ஆகியிருக்க வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். நாற்காலி வைத்திருந்தால் வரிசையைத் தாண்டலாம் என்பது தவறான நினைப்பு; பெரும்பாலான வரிசைகளில் நாற்காலியோடே எல்லோருடனும் நகர வேண்டும். ஆட்டிசம் போன்ற காரணங்களால் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. அதற்குப் பயணத்துக்கு முன்பே காணொளி அழைப்பில் பதிய வேண்டும்.

சாப்பாடு

வெளிச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி ரோல், முறுக்கு எல்லாம் போகும். தயிர்சாதம்தான் ஆபத்து: 33 டிகிரியில் பதினொரு மணிக்கே புளித்துவிடும், உறைந்த ஐஸ் பேக்கோடு வைத்தால் மட்டுமே தாங்கும். உதிரி ஐஸ் கட்டிக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக்கும் இல்லை, ஊறுகாய் பாட்டிலோடு சோதனையில் நின்று தவிக்காமல் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே கண்ணாடிக் குடுவை உள்ள பழைய பிளாஸ்க்கும் கண்ணாடிக் கணக்குதான்.

தண்ணீர் வாங்க வேண்டாம். பானம் விற்கும் உணவுக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். குழாய்த் தண்ணீரில் வரும் ஒரு வாடை இதில் தெரியாது.

உள்ளே வாங்கிச் சாப்பிடுவதானால், மெனுவில் பச்சை இலைக் குறி இருப்பது பால், முட்டை, இறைச்சி எதுவும் சேராதது. அது இல்லாத பண்டத்தில் சேர்த்த சூப் சாறு எதிலானது, ஜெலட்டின் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. மிக்கி வடிவப் பொரி இனிப்பைச் சேர்த்துப் பிடிப்பது மார்ஷ்மெல்லோ, அதில் ஜெலட்டின் இருக்கிறது. அன்னாசி டோல் விப் என்ற ஐஸ்கிரீம் போன்ற குளிர் இனிப்பைச் சைவர்கள் தயங்காமல் வாங்கலாம். சாப்பாட்டைச் செயலியிலேயே 11 மணி வாக்கில் எடுக்கும்படி குறித்துவிடுங்கள். 12 மணிக்குக் குறிக்கப் போனால் கிடைக்கும் நேரம் ஒன்றரை. கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் உணவகத்தின் மாடி ஏசியோடு கீழ்த்தளத்தைவிட அமைதியாக இருக்கும்.

நுழைந்ததும் வரும் கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி முதலுதவி அறையும் குழந்தை பராமரிப்பு அறையும் இருக்கின்றன. இன்சுலினைக் குளிரில் வைக்க முதலுதவி அறையில் கேட்கலாம்.

மதியம் வெளியே

ஒரு மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். கோடையில் மூன்றிலிருந்து ஐந்துக்குள் இடியும் மழையும் வருவது வழக்கம். மின்னல் அருகே வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், மொத்தக் கூட்டமும் கூரை தேடி ஒதுங்கும். அந்த நேரத்தில் நீங்கள் அறையில் தூங்கிக்கொண்டிருப்பது உத்தமம். அன்றைய டிக்கெட்டில் திரும்ப நுழையலாம். பார்க்கிங் கட்டணமும் அன்று முழுவதும் செல்லும். மழைக்கோட்டை வரும் வழியில் சாதாரணக் கடையிலேயே வாங்கிவிடுங்கள்.

அறை தூரம் என்றால் ஹோட்டல்களைச் சுற்றும் மோனோரயிலில் ஏறுங்கள், காசில்லை. கன்டெம்பரரி ஹோட்டலின் கட்டடத்துக்குள்ளேயே ரயில் நுழைந்து போகும். பாலினேஷியனிலோ கிராண்ட் ஃபுளோரிடியனிலோ இறங்கி, வரவேற்புக் கூடத்தில் ஒரு காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பாதிச் சோர்வு போய்விடும்.

திரும்பி வர ஐந்து மணி சரியான நேரம். மழைக்குப் பயந்தவர்கள் பலர் போயிருப்பார்கள். மிச்சமிருக்கும் இரண்டு ரைடுகளை அப்போது முடிக்கலாம்.

இரவு வாணவேடிக்கை சுமார் 18 நிமிடம். பார்க்கின் நடுவிலுள்ள கோட்டைக்கு நேர் முன்னால் நிற்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குச் சத்தமும் அதிகம். பெரியவர்களோடு இருந்தால் அது தொடங்குமுன் படகேறிவிடுங்கள், ஏரிமேலிருந்தும் அக்கரையிலிருந்தும் வானம் நன்றாகவே தெரியும். கடைசி வரை இருந்து பார்த்தால், முடிந்ததும் ஓட வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் படகுக்கும் மோனோரயிலுக்கும் பாய்வார்கள். அரை மணி நேரம் மெயின் ஸ்ட்ரீட் கடைகளில் சுற்றிவிட்டு வந்தால் நெரிசல் தணிந்திருக்கும்.

கார் நிறுத்திய கரைக்கு வந்ததும் காலையில் எடுத்த வரிசை எண் படம் தேவைப்படும். செயலியை நாள் முழுக்கப் பார்த்ததில் போன் அதற்குள் அணைந்திருக்கும், ஆகவே சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஒன்றைப் பையின் மேலறையில் வைத்திருங்கள்.