'உங்கள் சர்ஜரியைத் தொடர்பு கொள்ளுங்கள்': பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனில் குடியேறிய சில வாரங்களிலேயே 'ப்ளீஸ் கான்டாக்ட் யுவர் சர்ஜரி' என்று ஒரு குறுஞ்செய்தியோ கடிதமோ வரக்கூடும். ஊரில் சர்ஜரி என்றால் ஆபரேஷன். அதனால் வீட்டில் எல்லோரும் பதறிப்போவதுண்டு. பதற வேண்டியதில்லை. இங்கே அந்தச் சொல் அன்றாடப் பேச்சில் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரின் கிளினிக்கைத்தான் குறிக்கும். பல் மருத்துவரின் இடமும் சர்ஜரி, நாய் பூனைக்கு ஊசி போடுகிற இடமும் சர்ஜரி. 'மார்னிங் சர்ஜரி' என்றால் காலையில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம்.

'த சர்ஜரி', 'அவர் (our) சர்ஜரி' என்றால் அனேகமாக இடம். 'யூ நீட் சர்ஜரி' என்று முன்னால் ஒன்றும் ஒட்டாமல் வந்தால் ஆபரேஷன். இந்தக் கணக்கு தவறுகிற இடம் ஒன்று உண்டு: மருத்துவமனைக் கடிதத்தில் 'ஆஃப்டர் யுவர் சர்ஜரி' என்றிருந்தால் அது ஆபரேஷனேதான். ஆகவே அனுப்பியது யார் என்று முதலில் பாருங்கள். நீங்கள் பேசும்போது அறுவை சிகிச்சைக்கு 'ஆபரேஷன்' என்றே சொல்லுங்கள், குழப்பமே வராது.

வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு ஜிபி சர்ஜரியில் பதிவது. நோய் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இங்கிலாந்தில் இணையத்தில் பதியலாம். அல்லது காகிதப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று எதுவும் கட்டாயமில்லை. ரிசெப்ஷனில் கேட்பார்கள், இருந்தால் காட்டுங்கள், இல்லையென்பதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதே விதி. மறுத்தால் காரணத்தை 14 நாள்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் உண்மையான காரணம், உங்கள் வீடு அவர்களுடைய எல்லைக்கு வெளியே இருப்பதுதான்.

சர்ஜரியின் வழக்கமான நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் மாலை 6.30 வரை. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பல இடங்களில் சரியாக 8 மணிக்கே அழைக்க வேண்டும்; தாமதித்தால் அன்றைய இடங்கள் தீர்ந்துவிடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே சொல்லுங்கள், அது இலவசம். பள்ளி செல்லும் பிள்ளையை அம்மாவின் நோயை மொழிபெயர்க்க வைப்பது பிள்ளைக்கும் பாரம், சிகிச்சைக்கும் ஆபத்து. சர்ஜரி மூடியிருக்கும் நேரத்தில் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாத அறிகுறி என்றால் எந்த நேரமும் 999 என்ற அவசர உதவி எண்.

உண்மையான ஆபரேஷனுக்கே அழைத்தால், கடிதத்தில் இன்னும் சில சொற்கள் தடுக்கும். 'தியேட்டர்' என்பது ஆபரேஷன் அறை. 'டே சர்ஜரி' என்றால் அன்றே வீடு திரும்புவது. மயக்க மருந்து கொடுத்திருந்தால் அழைத்துப்போகவும் இரவு கூட இருக்கவும் வயது வந்த ஒருவர் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆபரேஷனையே ரத்து செய்துவிடக்கூடும். 'நில் பை மவுத்' என்றால் வாயில் எதுவும் படக்கூடாது. பொதுவாக உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் உள்ள நேரமே இறுதி. நம்மவர்கள் சறுக்குவது பால் தேநீரில். பால் கலந்தால் அது உணவுக் கணக்கு. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

கையெழுத்திட்டவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இல்லாமல் 'மிஸ்டர்' அல்லது 'மிஸ்' இருந்தால் சந்தேகப்படாதீர்கள். இங்கே அறுவை நிபுணர்களை அப்படித்தான் அழைப்பது. நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் 1745 வரை ஒரே சங்கமாக இருந்த லண்டன் மரபின் மிச்சம் அது.

மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத சர்ஜரியும் ஒன்று உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்கும் நேரத்துக்கும் சர்ஜரி என்றே பெயர். அனேகமாக வெள்ளி அல்லது சனிக்கிழமை. குப்பை, தெருவிளக்கு, கவுன்சில் வீடு என்றால் கவுன்சிலரின் சர்ஜரிக்குப் போங்கள். உள்துறை அலுவலகத்தில் விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் தேங்கிக்கிடந்தால் எம்பியிடம் போகலாம். பலர் முன்பதிவு செய்த பிறகே இடத்தைச் சொல்வார்கள்: எம்பிக்கள் ஜோ காக்ஸ் 2016இலும் டேவிட் ஏமஸ் 2021இலும் சர்ஜரி நாளில் கொல்லப்பட்ட பின் பாதுகாப்பு இறுகிவிட்டது.

முழு முகவரியும் அஞ்சல் குறியீடும் கொடுங்கள். வேறு தொகுதிக்காரரின் வழக்கை எம்பி எடுக்கமாட்டார். விண்ணப்ப எண், கடிதங்களின் நகல், நடந்ததைத் தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கம் போதும். முடிவை மாற்றும் அதிகாரம் எம்பிக்கு இல்லை, ஆனால் அவர் கேட்டால் துறை பதில் எழுதும். வாக்குரிமை இல்லாவிட்டாலும் எம்பி உதவுவார். அது ஒருபுறமிருக்க, 18 வயது நிறைந்து, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் பொதுத்தேர்தலிலேயே வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.